மூணுவேளைக்காரி

அந்த அம்மா சாப்பிடும்போது கதவைச் சாத்த மாட்டார். வாசலுக்கு நேராக மணையைப் போட்டுக்கொண்டு, வாழை இலை கிடைத்த நாளில் இலையிலும் கிடைக்காத நாளில் தட்டிலும், தெருவைப் பார்த்தபடி சாப்பிடுவார். சோறு, ஒரு பக்கம் கீரை, ஒரு பக்கம் குழம்பில் கிடந்த மீன் துண்டு. அவசரம் கிடையாது. முள்ளை எடுத்து வரிசையாக வைப்பார். தெருவில் போகிறவர்கள் பார்க்க வேண்டும் என்றே அப்படி உட்கார்ந்தார் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர்கள் நிறைந்த தெரு அது. நான் சொல்வது அறுபதுகளின் கடைசி, அரிசிக்குத் திண்டாடிய காலம். அந்த அம்மாவுக்கு அப்போது அறுபதை ஒட்டிய வயது இருக்கும். கணவர் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. பிள்ளை குட்டி இல்லை. பட்டு நூல் சுற்றிக் கொடுத்துத் தனியாகப் பிழைத்தார். தெருவில் அவருக்கு வைத்திருந்த பெயர் மூணுவேளைக்காரி. மூன்று வேளையும் சாப்பிடுகிறவள் என்று அர்த்தம். அது திட்டுவதற்கு வைத்த பெயர்.

மூன்று வேளை சாப்பிடுவதில் திட்ட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். எங்கள் தெருவில் சாயங்காலம் ஆனால் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்து, "இன்னா கொழம்பு?" என்று கேட்பார்கள். வணக்கம் சொல்வது மாதிரி அது. குடும்பக்காரிகள் உண்மையான பதிலைச் சொல்வார்கள். தனியாக இருக்கும் வயதான பெண்கள் மட்டும் வேறு மாதிரி சொல்ல வேண்டும். "ஒண்டி ஆளுக்கு இன்னா கொழம்பு? இருக்கறத ஊத்திக்கினு துன்னுட்டு படுக்க வேண்டியதுதான்." கேட்டவள், "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டுப் போவாள். அதுதான் மரியாதை.

இந்த அம்மா அந்த மரியாதையைக் கெடுத்தார். யார் கேட்டாலும் முழுதாகச் சொல்வார்.

"காலையில கேழ்வரகு அடை, முருங்கைக்கீரை போட்டு. மத்தியானம் கெளுத்தி மீன் கொழம்பு. தென்னேரி மீனு, துள்ளிக்கினு இருந்துது. ராத்திரிக்கு பச்சைப்பயறு வேக வச்சி இருக்கறேன். உங்க வூட்ல இன்னாம்மா கொழம்பு?"

கேட்டவள் வீட்டில் பெரும்பாலும் வெறும் ரசமாக இருக்கும். அவள் முகம் சுருங்கிப் போகும். பிள்ளைகுட்டிக்காரி ரசம் வைக்கிறாள், நாதியில்லாதவள் மீன் தின்கிறாள் என்று தெருவே பேசும். அந்த அம்மாவுக்கு யாரும் ஓசியில் கொடுக்கவில்லை. நகை நட்டு எதுவும் அவர் வைத்துக்கொள்ளவில்லை, சினிமா கிடையாது, வெற்றிலை கிடையாது. சுற்றிய நூலில் வந்தது எல்லாம் வாய்க்குப் போனது. இதுதான் அவருடைய குற்றம்.

நான் அந்தத் தெருமுனையில் இருந்த விறகுத் தொட்டியில் வேலை செய்தேன். கட்டை பிளப்பேன், எடை போடுவேன், கைவண்டியில் வீடு வீடாகப் போடுவேன். அஞ்சாவதோடு படிப்பை நிறுத்தியவன். அதைவிட, எனக்குப் பேச வராது. பெண்கள் எதிரில் வந்தால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். ஒரு வீட்டு வாசலுக்குப் போனால் கூப்பிட மாட்டேன். ஒரு கட்டையை எடுத்துத் தொப்பென்று கீழே போடுவேன். சத்தம் கேட்டு அவர்களே வந்துவிடுவார்கள். அந்த அம்மா வீட்டில் முதல்தடவை அப்படிச் செய்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"யார் வூட்டுக் கட்டைப்பா அது, பேசுது?"

வெளியே வந்து என்னைப் பார்த்தார். "நீ பேச மாட்டியா? சரி, வேணாம். கட்டையே பேசட்டும்."

அதிலிருந்து என்னைக் கட்டை என்றே கூப்பிட்டார். அந்த வீட்டுக்குப் போக எனக்குப் பயமில்லாமல் போனது. நான் பேசாதது குறை என்று நினைக்காத ஒரு வீடு அது.

விறகு போடுகிறவனுக்கு எந்த வீட்டில் அடுப்பு எரிகிறது என்று தெரிந்துவிடும். தனியாக இருக்கும் பெண்கள் கட்டை பிளக்கும்போது தெறிக்கும் சிராய்தான் கேட்பார்கள். ஒரு கட்டுச் சிராயை வைத்துக்கொண்டு பல நாள் ஓட்டுவார்கள். மூணுவேளைக்காரி மட்டும் நல்ல சவுக்குக் கட்டையாகக் கேட்டு வாங்குவார். ஒருநாள் நான் இறக்கிக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று, "ஒண்டிக்கட்டைக்கு இவ்ளோ விறகா?" என்றாள்.

அந்த அம்மா ஒரு கட்டையைக் கையில் எடுத்து என்னிடம் காட்டினார். "ஏம்பா, நீ விறகுக்காரன். நீ சொல்லு. ஒத்தக் கட்டை தானா எரியுமா?"

எரியாது. இரண்டு மூன்று சேர்ந்தால்தான் தீ பிடிக்கும். நான் தலையை ஆட்டினேன்.

"கேட்டியாம்மா? ஒண்டிக்கட்டை தானா எரியாதாம். அதான் வாங்கிப் போடறேன்."

பக்கத்து வீட்டுக்காரி உள்ளே போய்விட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருமுனை திரும்பிய பிறகு சிரித்தேன்.

அவரோடு வாய் கொடுத்து யாரும் ஜெயித்ததில்லை. தெருப் பெரியவர் என்று ஒருவர் இருந்தார். பல தறிகள் வைத்திருந்தார். தெரு அம்மன் கோயிலுக்கும் அவர்தான் முன்னே நிற்பவர். அந்த அம்மாவுக்கு நூல் கொடுத்தவரும் அவரே. காலையில் தறிக்குப் போகும் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி போட்டு வெயிலில் காய வைப்பார்கள். அப்படி ஒரு நாள் பாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பெரியவர் சொன்னார், "ஏம்மா, ஒத்தப் பொம்பள, கொஞ்சம் அடக்கமா இருக்கக் கூடாதா? தெரு முழுக்கக் கருவாட்டு நாத்தம்."

"பாவுக்கு எதுக்குங்க கஞ்சி போடறீங்க?" என்று அந்த அம்மா கேட்டார்.

"இழ அறாம இருக்கத்தான். இது கூடத் தெரியாதா?"

"எனக்கும் அதுக்குத்தாங்க."

பாவு பிடித்துக்கொண்டிருந்த ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். சிரித்தால் பெரியவர் வைவார்.

இதைவிடக் கடுமையாகவும் அந்த அம்மாவுக்குப் பேச வரும். கணவன் போனவள் உப்பும் காரமும் குறைக்க வேண்டும், உடம்பு அடங்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க வந்த ஒரு சொந்தக்காரியிடம் சொன்னார்: "தாலிய அறுத்தது கழுத்துலம்மா. வயித்துல யாரும் எதையும் கட்டல, அறுக்கறதுக்கு." வந்தவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

ஏன் இப்படி ஒரு வீம்பு என்று நான் கேட்டதில்லை. நான் எதையும் கேட்பவன் இல்லை. அவராகவே ஒருநாள் கட்டைகளை அடுக்கிக்கொண்டே சொன்னார். அவருடைய மாமியார் எல்லாருக்கும் போட்டுவிட்டு மிச்சம் இருந்தால் சாப்பிடுகிறவர். மிச்சம் இருக்காது. அவர் இறந்தபோது பாடை தூக்கியவர்கள், "கிழவி பூ மாதிரி லேசா இருக்கறா, புண்ணியவதி" என்று பேசிக்கொண்டார்களாம்.

"அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்பா. என்னைத் தூக்கறவனுக்குத் தோள் வலிக்கணும்."

பல வருஷம் கழித்துத் தூக்கினவர்களில் நானும் ஒருவன். வலித்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால் நடந்த ஒரு விஷயம்.

அந்த அம்மா இருந்தது பாதி வீடு. அண்ணன் தம்பி பிரித்துக்கொண்ட வீடு அது. நடுவில் ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய ஓரகத்தி இருந்தார். கணவருடைய அண்ணன் மனைவி. அவரும் கணவரை இழந்தவர், அவரும் தனி ஆள். இவர் இளையவர், அவர் மூத்தவர். மூணுவேளைக்காரியைத் தெரு எவ்வளவு திட்டியதோ அவ்வளவு மூத்தவரைக் கும்பிட்டது. ஏனென்றால் அவர் ஒருபொழுது இருப்பவர்.

ஒருபொழுது என்றால் விரதம். ஒரு வேளை மட்டும் சாப்பிடுவது. மற்ற ஊரில் வாரத்தில் ஒரு நாள் இருப்பார்கள். காஞ்சிபுரத்தில் சாமிகளுக்குக் குறைவா? திங்கள் ஏகாம்பரநாதருக்கு, செவ்வாய் குமரக்கோட்டத்து முருகனுக்கு, வெள்ளி காமாட்சிக்கு, சனி வரதருக்கு என்று மூத்தவர் பிரித்துக் கொடுத்துவிட்டார். கிருத்திகை, அமாவாசை, ஏகாதசி எல்லாம் இளையவர் பாஷையில் மேல்வரும்படி. அந்த ஒரு வேளையும் நாளாக ஆகச் சுருங்கியது. ஒரு பிடி சோறு, மோர், ஊறுகாய். சில நாள் கோயிலில் கொடுத்த பிரசாதத்தோடு சரி. நான் சுவருக்கு அந்தப் பக்கம் விறகு போட்டே வெகுநாள் ஆகியிருந்தது.

"சாமிக்காக இல்லப்பா இது," என்று இளையவர் என்னிடம் சொன்னார். "ஒரு ஆளுக்கு அடுப்பு மூட்டறதுக்கு அவளுக்கு மனசு வரல. வெக்கம். தனக்குன்னு ஒரு பிடி அரிசி களையறதுக்கு வெக்கப்படறா. சாமி பேரைச் சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க இல்ல?"

சுவரில் ஒரு சின்ன மாடம் இருந்தது, இரண்டு பக்கமும் திறந்தது. முன்னே விளக்கு வைக்க விட்ட இடம். இளையவர் தினமும் ஒரு கிண்ணத்தில் ஏதாவது அதில் வைப்பார்.

"யக்கா, கீரக் கடைஞ்சேன். எடுத்துக்க."

"கருவாடு பொழங்கின கை. எனக்கு வேணாம்டி."

"கைய கழுவிட்டுத்தான் கடைஞ்சேன்."

"இன்னிக்கு ஒருபொழுது."

"நேத்தும் அதான் சொன்ன. உன் சாமிங்க எல்லாம் பேசிவச்சிக்கினு உன்னப் பட்டினி போடறாங்களா?"

"வாய அடக்குடி, பாவம் புடிக்கும்."

கிண்ணம் மாடத்திலேயே இருக்கும். அந்தத் தெருப் பூனை வந்து நக்கிவிட்டுப் போகும். மூத்தவர் இளைத்துக்கொண்டே போனார், பூனை கொழுத்துக்கொண்டே போனது. பூனைக்கும் தெருவில் ஏதோ பெயர் வைத்திருந்தார்கள், மறந்துவிட்டது.

ஆடி மாதம் நெருங்கும்போது மூத்தவர் முகம் மாறியது. இளைத்திருந்த முகம் உப்பி, மினுமினு என்று ஆனது. தெருப் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "விரத உடம்பு. மொகத்துல அம்மன் களை எறங்கிடுச்சி பாரு." கல்யாணம் வைத்தவர்கள் வந்து அவர் காலில் விழுந்து திருநீறு வாங்கிப் போனார்கள். பொழுது சாய்ந்தால் அவருக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. சுவரைத் தொட்டுக்கொண்டு கோயிலுக்குப் போவார். அதையும், அம்மனையே நினைத்துக்கொண்டு நடக்கிறாள் என்றார்கள்.

ஒருநாள் நான் விறகு இறக்கும்போது இளையவர் மூத்தவரை வாசலில் வழிமறித்து நிறுத்தியிருந்தார். குனிந்து, அவருடைய கெண்டைக்காலுக்கு முன்பக்கம் கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்தார். அழுத்திய இடம் குழியாகவே நின்றது, மாவில் அழுத்தின மாதிரி.

"பாருக்கா. இதான் உன் களை."

மூத்தவர் புடவையைக் கீழே இழுத்து மறைத்துக்கொண்டு போய்விட்டார். இளையவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "எங்க மாமியாருக்கும் கடைசியில இப்படித்தான் குழி விழுந்துது. இவ இந்த வருஷம் தாண்ட மாட்டாப்பா. சுவத்துக்கு அந்தப் பக்கம் காலியாயிட்டா நான் யார்கூட சண்ட போடுவேன்?"

அதுவரை அவருக்குப் பயம் என்று ஒன்று உண்டு என்று நான் நினைத்ததில்லை.

ஆடி ஞாயிற்றுக்கிழமை தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றுவது வழக்கம். வீட்டுக்கு வீடு பானையில் கேழ்வரகுக் கூழ் கொண்டுவந்து கோயில் வாசலில் பெரிய அண்டாவில் ஊற்றுவார்கள். முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் தனியாக இருக்கும். அம்மனுக்குப் படைத்து, கற்பூரம் காட்டின பிறகுதான் ஒரு சொட்டு மற்றவர் வாயில் படலாம். குழந்தை அழுதாலும் கொடுக்க மாட்டார்கள். படையலுக்கு முன்னால் யாராவது வாய் வைத்தால் அண்டா முழுதும் எச்சில்.

குழம்புக்கு விறகு போட்டது நான் என்பதால் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். வெயில் ஏறியிருந்தது. பம்பைக்காரர்கள் அடிக்க ஆரம்பித்தார்கள். மூத்தவர் முன்வரிசையில் கைகூப்பி நின்றிருந்தார். ஆடிக் கூழுக்காக வெள்ளிக்கிழமையிலிருந்தே அவர் வாயில் தண்ணீர் தவிர ஒன்றும் படவில்லை என்று பெண்கள் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் முன்னும் பின்னும் ஆடினார். கண் மேலே சொருகியது. கைகள் நடுங்கின.

யாரோ ஒரு பெண் குலவை இட்டாள். "சாமி வந்துடுச்சி" என்று பூசாரி முன்னே ஓடினார். பம்பை வேகம் பிடித்தது. ஒருவர் மூத்தவர் கையில் எலுமிச்சம்பழத்தைத் திணித்தார், ஒருவர் வேப்பிலையைத் திணித்தார். தெருப் பெரியவர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எதிரில் நின்று கும்பிட்டார்.

"தாயே, இன்னா கொற வச்சோம், சொல்லு தாயே."

மூத்தவர் உதடு அசைந்தது. பம்பை சத்தத்தில் கேட்கவில்லை. பெரியவர் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். சட்டென்று அமைதியானது. அந்த அமைதியில் எல்லாருக்கும் கேட்டது.

"பசிக்குது."

"அம்மா பசிக்குதுன்னு சொல்றா," என்று பெரியவர் கண்கலங்கினார். "சீக்கிரம் படையல போடுங்க, கற்பூரத்த எடுங்க." பூசாரி கருவறைக்குள் ஓடினார். பம்பை மறுபடி தொடங்கியது. மூத்தவரை அப்படியே விட்டுவிட்டு எல்லாரும் அம்மன் பக்கம் திரும்பினார்கள்.

மூணுவேளைக்காரி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். "ஏம்பா, கட்ட, புடிப்பா அவள," என்றார் என்னிடம். மூத்தவர் விழுந்துகொண்டிருந்தார். நான் பிடித்தேன். வேறு சமயமாக இருந்தால் ஒரு பெண்ணைத் தொட்டுப் பிடித்திருக்க மாட்டேன். கையில் ஒன்றும் இல்லாத மாதிரி இருந்தது. தினமும் எடை தூக்குகிறவன் நான். காய்ந்த சிராய்க் கட்டு இதைவிடக் கனமாக இருக்கும்.

இளையவர் அண்டாவில் அகப்பையை விட்டுக் கூழை மொண்டார். ஒரு சொம்பில் ஊற்றி, மோரைக் கலந்து, மூத்தவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு வாயில் விட்டார். படையல் இன்னும் ஆகவில்லை. கற்பூரம் இன்னும் ஏற்றவில்லை. முதல் வாய் கடைவாயில் வழிந்தது. இரண்டாவது உள்ளே இறங்கியது. பம்பை தானாக நின்றது.

"ஐயோ, எச்சில் பண்ணிட்டா பாவி" என்று ஒருத்தி அலறினாள்.

"அவளுக்குப் பசிக்குதுன்னு அவளே சொன்னா. உங்க காதுல விழல?" என்றார் இளையவர். நிமிர்ந்து பார்க்கவில்லை. ஊற்றுவதை நிறுத்தவும் இல்லை.

அந்த வாரம் முழுக்க அவருக்கு யாரும் நூல் கொடுக்கவில்லை. ராட்டை சும்மா கிடந்தது. கடைக்காரன்கூட முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் வழக்கம்போல விறகு கொண்டுபோனேன். கதவு திறந்தே இருந்தது, அவர் மணையில் உட்கார்ந்து அவரைக்காய்ப் பொரியலோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "நூல் நின்னா சோறும் நின்னுடும்னு பாக்கறாங்க," என்றார். "பானையில அரிசி இருக்கற வரைக்கும் மூணு வேளதான்." சுவருக்கு அந்தப் பக்கம் மூத்தவர் படுத்திருந்தார். மாடத்தில் கிண்ணம் இருந்தது. அவர் சாப்பிட்டுக் காலியானதா, பூனை நக்கியதா என்று எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை கோயில் வேப்பமரத்தடியில் கூடினார்கள். ஆண்கள் பாயில், பெண்கள் தள்ளி ஓரத்தில். தெருப் பெரியவர் தீர்ப்பைச் சொன்னார். படையலைக் கெடுத்தவள் ஒன்பது வெள்ளிக்கிழமை ஒருபொழுது இருக்க வேண்டும். கோயிலைப் பெருக்க வேண்டும். இல்லையென்றால் இந்தத் தெருவில் அவளுக்கு நூல் கிடையாது.

"கோயில் பெருக்கறேன்," என்றார் இளையவர். "ஒருபொழுது முடியாது."

"ஏன் முடியாது?"

"என் பங்கையும் சேத்து எங்க அக்கா இருந்துட்டா. நான் சாவற வரைக்கும் அது போதும்."

பெண்கள் பக்கம் சலசலப்பு. பெரியவர் முகம் சிவந்தது. "விளையாட்டு இல்லம்மா இது. அம்மன் எறங்கி நிக்கறா, அந்த நேரத்துல நீ..."

"அம்மன்தான் எறங்கினாளா?"

"பின்ன? அன்னிக்குப் புடிச்சது யாரு? நீதானப்பா," என்று பெரியவர் என் பக்கம் திரும்பினார். "சொல்லு. அந்த உடம்பு எப்படி இருந்துது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கையில் போடுவதற்குக் கட்டை எதுவும் இல்லை.

"லேசா இருந்துதுங்க," என்றேன்.

"கேட்டீங்களா? சாமி வந்த உடம்பு லேசாத்தான் இருக்கும்," என்றார் பெரியவர். கூட்டம் ஆமாம் என்றது.

எனக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது. நான் சொன்னது அது இல்லை. ஆனால் இளையவர் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். பிறகு பெரியவரைப் பார்த்தார்.

"சரிங்க. சாமின்னே வச்சிக்குவோம். அம்மன் எங்க அக்கா உடம்புல நின்னுக்கினு பசிக்குதுன்னு கேட்டா. நான் ஊத்தினேன். அப்போ மொத படையல் யாருக்குப் போச்சி? அம்மனுக்குத்தான போச்சி? இதுல எச்சில் எங்க வந்துது?"

பெரியவர் பூசாரியைப் பார்த்தார்.

"இல்ல, அது சாமி இல்ல, வெறும் பசிதான்னு சொல்றீங்களா? சொல்லுங்க, ஒத்துக்கறேன். படையலக் கெடுத்தவ நான்தான். ஆனா பட்டினியில வுழற கிழவி கையில எலுமிச்சம்பழம் குடுத்துக் கும்புட்டுக்கினு நின்னது யாருன்னும் சேத்து எழுதிக்கணும். ரெண்டுல எது வேணும், நீங்களே சொல்லுங்க."

பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். கும்பிட்டு நின்றதை மொத்தத் தெருவும் பார்த்திருந்தது. பூசாரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பெரியவர் பெண்கள் பக்கம் திரும்பினார். மூத்தவர் அங்கே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"நீ சொல்லும்மா. உனக்குச் சாமி வந்துதா?"

மூத்தவர் பொய் சொல்கிறவர் இல்லை. "தெரியலப்பா. கண்ணு இருட்டிச்சி. பம்ப சத்தம் எங்கியோ கேட்டுது. அப்புறம் வாயில கூழு இருந்துது." நிறுத்தினார். தலையைக் குனிந்துகொண்டு, தப்புச் செய்தவர் மாதிரி மெதுவாகச் சொன்னார்: "நல்லா இருந்துது."

பெண்களில் ஒருத்தி சிரித்தாள். இன்னொருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"அம்மன்தான்," என்றார் பெரியவர் அவசரமாக. "அம்மன்தான் வந்திருக்கா. விடுங்க."

"அப்படின்னா இன்னொண்ணு," என்றார் இளையவர். விட மாட்டார் அவர். "அம்மன் வந்து நின்ன உடம்பப் பட்டினி போட்டா தெருவுக்கு ஆவுமா?"

"ஆவாது," என்று பூசாரி தன்னையறியாமல் சொல்லிவிட்டார்.

"நீங்க சொல்லுங்க அவகிட்ட. நான் சொன்னா கேக்க மாட்டா."

பெரியவர் சொன்னார். தெருவே சொல்லிவிட்டது, அம்மன் பேரால் சொல்லிவிட்டது. மூத்தவரால் மீற முடியவில்லை. ஒருபொழுதை விட்டார். மறுவாரத்திலிருந்து இளையவர் பக்கத்து வாசலில் இரண்டு மணை. கருவாட்டை மட்டும் மூத்தவர் கடைசிவரை தொடவில்லை. உப்பு ஏறிவிட்டது, கீரை சரியாக மசியவில்லை, நீ வைத்தது ஒரு குழம்பா என்று மூத்தவர் சண்டை போடுவது தெருமுனை வரை கேட்கும். இளையவர் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே இன்னொரு கரண்டி போடுவார். ராட்டையும் மறுபடி சுற்றியது. தீபாவளி சமயத்தில் மூத்தவர் சுவரைத் தொடாமல் நடந்தார்.

அடுத்த வருஷ ஆடிக் கூழுக்கும் நான்தான் விறகு போட்டேன். பம்பை தொடங்கியது. மூத்தவர் ஆடவில்லை. நேராக வந்து அண்டாவுக்கு எதிரில் முதல் ஆளாக உட்கார்ந்துகொண்டார். அது அவருடைய இடம் என்று தெரு ஒத்துக்கொண்டிருந்தது. அவர் உட்கார்ந்ததும், சாயப் பட்டறைக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருந்த ஒரு கிழவிக்குச் சாமி வந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொருத்திக்கு வந்தது. அதுவரை வாழ்நாளில் சாமி வராத, மகன்கள் சென்னைக்குப் போய்விட்ட ஒரு தறிக்காரர் வீட்டு அம்மாளுக்கும் வந்தது. எல்லாரும் தனியாக இருந்தவர்கள். எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். பூசாரி பெரியவரைப் பார்த்தார். பெரியவர் வேப்பமரத்தைப் பார்த்தார்.

மூணுவேளைக்காரி கையில் அகப்பையோடு நின்றார். "வரிசையா உக்காருங்க. எல்லா சாமிக்கும் ஊத்தறேன். கீரையும் வாங்கிக்கணும்."

கடைசியில் ஒருத்தி நின்றிருந்தாள். எங்கள் தெருக்காரி இல்லை. முந்தானைக்குள் ஒரு சொம்பை மறைத்து வைத்திருந்தாள். மற்றவர்களைப் பார்த்துக் கையைத் தூக்கிப் பார்த்தாள், உடம்பை ஒரு தடவை அசைத்துப் பார்த்தாள். அவளுக்கு ஆடத் தெரியவில்லை. வெட்கமாகிப் போய்த் திரும்பி நடந்தாள். மூணுவேளைக்காரி போய் அவள் கையைப் பிடித்தார்.

"எனக்கு வரலம்மா," என்றாள் அவள்.

"சாமி வரலன்னா போவுது. நீ வந்துட்ட இல்ல? உக்காரு."